பத்துப் பொருத்தத்தில் இல்லாத கேள்வி

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அண்மையில் வெளியான கடிதமொன்று, யாழ்ப்பாணத்து இளந் தம்பதியினர் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதையும், சிலர் பிள்ளையே வேண்டாமென்று இருந்துவிடுவதையும் “சுயநலம்” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, தமிழர் தொகையும் நாடாளுமன்ற ஆசனங்களும் குறைவதாகக் கவலைப்பட்டு, ஒவ்வொரு குடும்பமும் நான்கு பிள்ளைகளையாவது “பெற்றுத் தரவேண்டும்” என்று கேட்டிருந்தது. எழுதிய பெரியவரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் “தரவேண்டும்” என்ற அந்த வினைச்சொல்லில் என் மனம் இடறி நின்றுவிட்டது. யாருக்குத் தருவது என்பதை அவர் சொல்லவில்லை. ஊருக்கா, இனத்துக்கா, பெற்றோரின் முதுமைக்கா என்று நானே ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்ததன் விளைவே இக்கடிதம்.

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதியில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக 24 ஆண்டுகள் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். எங்கள் உத்தியோகத்துக்குப் பெரிய கட்டடமெதுவும் கிடையாது. வீட்டு முன்விறாந்தையில் ஒரு மேசை, ஓர் இரும்பு அலுமாரி, படலைக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை, இவ்வளவுதான் அலுவலகம். என் கடைசிப் பத்தாண்டுகளில் இறப்புப் புத்தகமும் விவாகப் புத்தகமும் நிரம்பிக்கொண்டு போக, பிறப்புப் புத்தகம் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தது. அதைக் கண்டு, “பாருங்கள், ஊரில் பிள்ளையே பிறப்பதில்லை” என்று என்னிடம் அங்கலாய்த்தவர்கள் பலர். பிறப்பு நிகழ்ந்த இடத்துப் பதிவாளரே அதைப் பதியவேண்டும் என்பதும், இப்போது வீட்டில் எவரும் பிள்ளை பெறுவதில்லை, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோதான் பெறுகிறார்கள் என்பதும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. ஒரு புத்தகத்தின் வெறுமையைப் பார்த்து ஊரின் வெறுமையைக் கணிப்பது எவ்வளவு எளிது என்பதை அன்றே கண்டவன் என்பதால், குடிசன எண்ணிக்கை பற்றிய உணர்ச்சிகரமான எழுத்துகளைச் சற்றே நின்று வாசிப்பது என் பழக்கமாகிவிட்டது.

எண்ணிக்கையையே முதலில் எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியையும் உள்ளடக்கியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012 இல் யாழ்ப்பாணத்தையும், இடையில் தனி மாவட்டமாகிவிட்ட கிளிநொச்சியையும் சேர்த்துக் கூட்டினாலும் 7 இலட்சத்தை எட்டவில்லை. இந்த 31 ஆண்டுகளில் நடந்தது என்னவென்று நம் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. செத்தவர்கள், காணாமற் போனவர்கள், கொழும்புக்கும் தமிழகத்துக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள், 1990 ஒக்ரோபரில் சில மணி நேர அவகாசத்தில் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் என்று அந்தக் குறைவுக்குள் அடங்கியவர்கள் பலதரப்பட்டவர்கள். இன்று 28 வயதில் இருக்கும் ஒரு பெண் பிள்ளை பெறாததனால் உண்டான பள்ளமல்ல அது. கடிதக்காரர் கவலைப்படும் நாடாளுமன்ற ஆசனங்களின் கதையும் இதுவே. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015 இல் 7 ஆயின. 2024 இல் 6 ஆகிவிட்டன. ஆனால் ஆசனங்களைப் பங்கிடுவது பதிவு செய்யப்பட்ட வாக்காளரின் எண்ணிக்கையை வைத்தே. இன்று பிறக்கும் குழந்தை வாக்காளராக 18 ஆண்டுகள் செல்லும். அந்தப் பதினெட்டாவது வயதில் அதன் கையில் வாக்காளர் அட்டை இருக்குமா, கடவுச்சீட்டு இருக்குமா என்பதைக் கடிதக்காரர் தம் சொந்தப் பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டு சொல்லட்டும்.

பிறப்பு குறைவது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 2019 இல் இலங்கை முழுவதிலும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகள் பதியப்பட்டன. 2024 இல் அது ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கியது. சிங்களப் பகுதிகளான காலியிலும் குருநாகலிலும் இருப்பவர்களும் பால்மா வாங்குகிறார்கள், நெருக்கடிக் காலத்தில் வரிசையில் நின்றிருக்கிறார்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மக்களை “இத்தனை பெறு” என்று ஏவுவது பலிக்குமா என்பதற்குச் சிங்கப்பூரைப் பார்க்கலாம். எழுபதுகளில் “இரண்டோடு நிறுத்துங்கள்” என்று சொன்ன அதே அரசு, 1987 இல் “வசதியுள்ளவர்கள் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்” என்று மாற்றிச் சொன்னது. முதலாவதை மக்கள் கேட்டார்கள். இரண்டாவதை, அரசு பணம் கொடுத்தும், இன்றுவரை கேட்கவில்லை. அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லையென்ற நிலை 2023 இலேயே வந்துவிட்டது.

இந்த இடத்தில், சொல்வதற்குச் சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2013 ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், வலைப்பாடு பகுதிகளில் பெண்களுக்கு உரிய விளக்கமும் விருப்பமுமின்றிக் கருத்தடை மருந்துக்குச்சிகள் கைத்தோலுக்கடியில் வைக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது நாம் அனைவரும் கொதித்தோம். கொதித்தது சரியே. அந்தப் பெண்களின் உடலைப் பற்றிய முடிவை வேறெவரோ எடுத்ததாகச் சொல்லப்பட்டதுதான் நம் கோபத்துக்குக் காரணம். அப்படியானால், “நான்கு பெறு” என்று மேடையிலும் பத்திரிகையிலும் சொல்வதற்கு மட்டும் அதே பெண்களிடம் நாம் எப்போது அனுமதி பெற்றோம்?

அடுத்தது முதுமை. “உங்களை ஆர் பார்க்கிறது?” என்ற கேள்வியைப் பிள்ளையில்லாத தம்பதியினர் கேட்டுக் கேட்டுப் புளித்திருப்பார்கள். இதற்கு நான் தர்க்கத்தால் பதில் சொல்லப்போவதில்லை. இறப்புப் பதிவேட்டால் சொல்கிறேன். ஓர் இறப்பைப் பதியும்போது, தகவல் கொடுப்பவரின் பெயரையும் அவர் எந்த முறையில் தகவல் கொடுக்கிறார் என்பதையும் ஒரு நிரலில் எழுதவேண்டும். நான் கடமையை ஏற்ற காலத்தில் அந்த நிரலில் “மகன்” என்று எழுதி எழுதிக் கை பழகிப்போயிருந்தது. பிந்திய ஆண்டுகளில் மருமகன், பெறாமகன் (உடன்பிறந்தாரின் மகன்), மனைவியின் சகோதரன், அயலவர் என்று எழுதினேன். ஒரு தடவை, ஆறு பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாயாரின் இறப்பைப் பதிவதற்கு, அவரைச் சம்பளத்துக்குப் பராமரித்த மலையகத்துப் பெண் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். இறந்தவரின் தகப்பனாருடைய பெயர் என்னவென்று கேட்டேன். அந்தப் பெண் கைத்தொலைபேசியை எடுத்து ரொறன்ரோவுக்கு அழைத்தார். அங்கே நள்ளிரவு. தூக்கக் கலக்கத்தில் எழுந்த மூத்த மகன் தன் பாட்டனாரின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் தடுமாறி, லண்டனிலிருக்கும் தங்கையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர் கெட்ட மகனல்லர். மாதந் தவறாமல் பணம் அனுப்பியவர், வீட்டுக்குச் சூரியமின்கலம் பூட்டிக் கொடுத்தவர். இருந்தும் அந்த நிரலில் நான் “பராமரிப்பாளர்” என்றுதான் எழுதினேன். பிள்ளை பெற்றால் முதுமைக்குத் துணை நிச்சயம் என்று இன்னமும் சொல்பவர்கள், கைதடி முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பிள்ளையில்லாதவர்கள்தாமா என்று ஒருமுறை போய் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

கொள்ளி வைப்பதற்கு ஆள் வேண்டும் என்பதும், காணிக்கு உரித்து வேண்டும் என்பதும் இதே வகையைச் சேர்ந்தவையே. கொள்ளியைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை; பெறாமக்கள் வைத்த கொள்ளியில் வேகாத உடலை நான் கண்டதில்லை. உரித்தைப் பொறுத்தவரை, ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட நம் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பிள்ளையில்லாதவர்களைக் கைவிட்டுவிடவில்லை. முதுசம் என்ற பரம்பரைச் சொத்து வந்த வழியே திரும்பிப் போவதற்கும், மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டத்தை இருவருக்குமாகப் பார்ப்பதற்கும் அதில் ஒழுங்கு உண்டு. அது மட்டுமன்றி, பிள்ளையில்லாதவர்கள் தம் உரித்தாளிகளின் சம்மதத்தோடு, சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் நீர் பருகி, ஒரு பிள்ளையைத் தம்முடையதாக ஏற்றுக்கொள்ளும் வழக்கமும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. இன்று அதற்கு மஞ்சள் நீர் போதாது; 1941 ஆம் ஆண்டின் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்கே போகவேண்டும். ஆயினும் பிள்ளையில்லாத வீடு என்பது நம் முன்னோருக்கு அறிமுகமில்லாத அதிசயமாக இருக்கவில்லை. அவர்கள் அதற்கும் ஒரு பாதை வைத்திருந்தார்கள். நாம்தான் அதை ஒரு குற்றமாக்கி வைத்திருக்கிறோம்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நூற்றுக்கணக்கான கலியாண எழுத்துகளை, அதாவது விவாகப் பதிவுகளை, நான் பதிந்திருக்கிறேன். ஓர் எழுத்து என் மேசைக்கு வந்து சேர்வதற்கு முன் அந்த இரு குடும்பங்களும் எவ்வளவு ஆராய்ந்திருப்பார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். சாதகக் குறிப்பு இரண்டு மூன்று சாத்திரிமாரிடம் போய் வந்திருக்கும். தினப் பொருத்தம் முதல் வேதைப் பொருத்தம் வரை பத்தும் பார்த்திருப்பார்கள். செவ்வாய் பார்த்திருப்பார்கள். சீதன உறுதி எழுதிய காணியின் எல்லைக் கல்லைக்கூட மாப்பிள்ளையின் தாய்மாமன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார். அந்தப் பத்துப் பொருத்தங்களுள் மகேந்திரம் என்பது புத்திர விருத்தியைக் குறிப்பதென்று சொல்வார்கள். நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து, பிள்ளை பிறக்கும் என்று அது சொல்லிவிடும். ஆனால், பிள்ளை வேண்டுமா, எப்போது வேண்டும், எத்தனை வேண்டும், பிறக்காவிட்டால் என்ன செய்வது, பிறந்தால் யார் வேலையை விடுவது என்று அந்த இருவரும் ஒருவரையொருவர் கேட்டதுண்டா என்பது எந்தப் பொருத்தத்திலும் வராது. கேட்கவேண்டிய இருவரும் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைத்தான், எழுத்து முடிந்து மூன்று மாதம் செல்வதற்குள், கோயில் வீதியிலும் சந்தையிலும் செத்தவீட்டுப் பந்தலிலும் ஊரார் கேட்கத் தொடங்குகிறார்கள்.

மற்றவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கலியாணம் 1995 தை மாதம் நடந்தது. அரசுக்கும் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. சண்டை முடிந்துவிட்டதென்று நம்பி, பொருளாதாரத் தடை நீங்கிச் சவர்க்காரமும் பற்றரியும் வரும் வரும் என்று பார்த்திருந்தோம். என் மனைவி அப்போது ஆசிரிய கலாசாலைக்குத் தெரிவாகியிருந்தார். சித்திரையில் சண்டை மீண்டும் மூண்டது. வைகாசியில் அவர் கருவுற்றார். ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, சண்டை நெருங்க, வலிகாமமே இடம்பெயர்ந்து எழுந்து நடந்தபோது, வயிற்றுப் பிள்ளையோடு அவரும் மழைக்குள் நடந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் என் தாயார் என்று நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் மகள் அடுத்த மாசியில் சாவகச்சேரியில், உறவினர் ஒருவரின் வீட்டில் நாங்கள் ஒரே அறைக்குள் ஒன்பது பேர் தங்கியிருந்த காலத்தில் பிறந்தாள். ஆசிரிய கலாசாலை கைநழுவிப் போனது. பின்னர் எட்டு ஆண்டுகள் கழித்தே அவரால் அந்தப் பயிற்சியை முடிக்க முடிந்தது.

“எங்களுக்குப் பிள்ளை வேண்டுமா, இப்போதே வேண்டுமா” என்று நான் அவரை அப்போது கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. தங்கள் பத்திரிகையில் அந்தக் கடிதத்தை வாசித்த அன்று பின்னேரம்தான், முப்பது ஆண்டுகள் கழித்து, முதன்முதலாகக் கேட்டேன். அவர் குசினி வாசலில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு செத்தல் மிளகாய்க்குக் காம்பு முறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. “கேட்டிருந்தால் வேண்டாம் எண்டு சொல்லியிருக்க மாட்டன். ரெண்டு வருஷம் பொறுப்பம் எண்டு சொல்லியிருப்பன். நீங்கள்தான் கேட்கேல்லையே” என்றார். இன்னும் இரண்டு மூன்று மிளகாய் முறித்தபின், “கேட்டிருந்தாலும் மாமி விட்டிருப்பாவோ தெரியாது” என்றும் சொன்னார். அதில் மனத்தாங்கல் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கொன்றைச் சரிபார்த்துச் சொல்பவரின் குரல் அது.

அந்த மகளுக்கு இப்போது கலியாணமாகி நான்கு ஆண்டுகள். பிள்ளை இல்லை. அவளும் மருமகனும் வேண்டாமென்று இருக்கிறார்களா, பிறகு பார்க்கலாமென்று இருக்கிறார்களா, வரவில்லையென்று இருக்கிறார்களா என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், ஊர் கேட்கும் கேள்விக்கு அவர்களுடைய அனுமதியின்றிப் பதில் கொடுத்தவனாகிவிடுவேன். சென்ற ஆண்டு எங்கள் உறவினர் வீட்டில் ஒரு சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா) நடந்தது. ஆலாத்தி எடுக்கும் நேரம், பிள்ளையின் தாயார் அழைத்ததனால், என் மகள் எழுந்து தட்டைக் கையில் வாங்கினாள். திரி ஏற்றியாகிவிட்டது. அப்போது பந்தலின் முன்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி, எவரையும் பார்த்துச் சொல்லாதவர் போல, “பிள்ளை பெத்த ஆக்கள் ரெண்டு பேர் வாங்கோ” என்றார். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. எவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மகள் தட்டைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, எரிந்துகொண்டிருந்த திரி அணைந்துவிடாதபடி கையை வைத்து மறைத்து நகர்ந்து, பிறகு பின்பக்கம் போய்ப் பலகாரப் பெட்டிகளை அடுக்கினாள். அந்த மூதாட்டி தம் வாழ்நாளில் எவருக்கும் தீங்கு நினையாதவர் என்பதை நான் நிச்சயமாகச் சொல்வேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

“இளைஞர் ஏன் தயங்குகிறார்கள்” என்று கேட்பவர்கள், அவர்களது மாத வருமானத்தையும் நாளாந்த நேரக் கணக்கையும் எடுத்துப் பார்க்கவேண்டும். 2022 நெருக்கடியில் 400 கிராம் பால்மாப் பெட்டி ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. விலைவாசி பின்னர் ஓரளவு தணிந்தது. ஆனால் “இனி எது எப்போது விலையேறும்” என்ற பயம் தணியவில்லை. அரச உத்தியோகத்தில் இருக்கும் தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. தகப்பனுக்கு மூன்று நாட்கள். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து, தொப்புள்கொடி விழுவதற்கு முன்பே தகப்பன் கந்தோருக்குப் போய்விட வேண்டும் என்று அதற்குப் பொருள். முன்பு நாற்சார் வீட்டில் பெரியம்மா, சின்னம்மா, மாமி என்று நான்கு கைகள் இருந்தன. இன்று அந்தக் கைகளில் இரண்டு வெளிநாட்டில் வேறு குழந்தைகளை ஏந்திக்கொண்டிருக்கின்றன. பேரப்பிள்ளை பார்க்கப்போன அம்மம்மாக்கள் ஆறு மாத விசாவை நீடித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தையை நம்பி விடக்கூடிய பகற் பராமரிப்பு நிலையம் எத்தனை ஊர்களில் இருக்கிறது? பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் புலமைப்பரிசில் ரியூசன் தொடங்கிவிடுகிறது. அதிலிருந்து உயர்தரம் முடியும்வரை, பாடசாலை இலவசம், ரியூசனுக்குச் சம்பளம் என்ற இரட்டைக் கல்வி.

இதோடு, என் மேசையில் மட்டுமே துலக்கமாகத் தெரிந்த இன்னொன்று உண்டு. வெளிநாட்டு மாப்பிள்ளை மூன்று வார விடுமுறையில் வருவார். முறைப்படி அறிவித்தல் கொடுத்து 12 நாட்கள் பொறுத்திருக்க நேரமிராது; விசேட அனுமதிப்பத்திரம் எடுத்து எழுத்து முடியும்; தாலி கட்டி, விருந்துகளுக்குப் போய்வந்து, அவர் விமானமேறிவிடுவார். பெண் இங்கே அனுசரணை விசாவுக்காக ஒரு வருடமோ மூன்று வருடமோ காத்திருப்பார். விவாகச் சான்றிதழின் பிரதிக்கும் மொழிபெயர்ப்புக்கும் மீண்டும் மீண்டும் என் படலையைத் திறந்துகொண்டு வந்த அந்தப் பெண்களை “விசேஷம் ஏதும் இருக்கோ” என்று கேட்டவர்களும் நம்மூரில் இருந்தார்கள். கணவன் மொன்றியலில், மனைவி மானிப்பாயில். என்ன விசேஷத்தை எதிர்பார்த்தார்களோ தெரியாது.

இளையவர்கள் பக்கமும் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இது ஒருபக்கக் கடிதமாகிவிடும். “வேண்டாம்” என்பது ஒரு முடிவு. “இப்போதைக்கு வேண்டாம்” என்பது வேறொரு முடிவு. அதற்குத் தவணை உண்டு. பெண்ணின் கருவுறும் வாய்ப்பு 35 வயதின் பின் விரைவாகக் குறைகிறது என்பதும், வயது ஏற ஏறக் கருச்சிதைவும் பிறவிக் குறைபாடுகளும் கூடுகின்றன என்பதும் வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்பவை. வீடு கட்டி முடியட்டும், பதவியுயர்வு வரட்டும், விசா வரட்டும் என்று ஒவ்வொரு ஆண்டாகத் தள்ளிவைத்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது காணியை ஈடு வைத்துக் கருவள சிகிச்சைக்கு அலைகிற தம்பதியினரை நான் அறிவேன். அவர்கள் முடிவெடுத்து அந்த நிலைக்கு வரவில்லை. பேசாமல் இருந்ததனால் வந்தார்கள். பிள்ளை வரவில்லையென்றால் பெண்ணை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பி, பெண்ணை மட்டும் இராமேஸ்வரத்துக்கு நேர்த்தி வைக்கச்சொல்லும் ஆண்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். காரணம் கணிசமான தம்பதியினரில் ஆணிடத்தில் இருக்கிறது என்று சொன்னால், ஒரு சின்னப் போத்தலில் விந்து மாதிரி கொடுப்பதைத் தம் பரம்பரைக்கே நேர்ந்த இழுக்காக எடுத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறார். குடும்பநல உத்தியோகத்தர் என்று பெயர். நாம் இன்னமும் மருத்துவிச்சி என்றே சொல்கிறோம். புதிதாகக் கலியாணமான வீட்டைத் தேடி வந்து, தம்பதியினரைப் பதிந்து, கருவுறுவதற்கு முன்பிருந்தே போலிக் அமில (folic acid) மாத்திரை எடுக்கவேண்டும் என்பதையும், ருபெல்லாத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும், இடைவெளி வேண்டுமானால் என்னென்ன முறைகள் உண்டு என்பதையும் சொல்வது அவர் கடமை. மழையில் ஸ்கூட்டியில் வந்து படலையில் நின்று “அக்கா” என்று கூப்பிடும் அந்தப் பெண்ணை, மாமியார் விறாந்தையோடு மறித்து, “எங்கட பிள்ளைக்கு அதொண்டும் தேவையில்லை” என்று திருப்பி அனுப்பிய வீடுகள் உண்டு. அவருக்கு ஒரு கதிரையும் தேத்தண்ணியும் கொடுத்து, மாமியார் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கலியாணம் பேசும் பெற்றோருக்கு நான் முன்வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். பொருத்தம் பார்த்து, சீதனம் பேசி, தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைக்கும் முன்னர், அந்த இருவரையும் ஒரு மணித்தியாலம் தனியே பேசவிடுங்கள்; மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் வட்ஸ்அப்பில் பேசட்டும், நீங்கள் பக்கத்து அறையில் இருந்துகொண்டு “நெட் சரியா வருதோ” என்று எட்டிப் பார்க்காதீர்கள். என்ன பேசினார்கள் என்றும் கேட்காதீர்கள். அந்தப் பேச்சினால் ஒன்றிரண்டு கலியாணங்கள் குழம்பக்கூடும். எழுத்துக்குப் பின் குழம்பி, விவாகரத்துத் தீர்ப்பின் பிரதியோடு என் மேசைக்குத் திரும்பி வந்தவர்களைக் கண்டவன் என்ற முறையில், முன்னதே மேல் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு தடவை அப்படி நடக்கக் கண்டேன். போர் முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். எங்கள் விறாந்தையில் இரு பக்கத்தாரும் கூடியிருந்தார்கள். நான் புத்தகத்தில் எல்லாவற்றையும் நிரப்பி முடித்து, பேனையை மணமகள் பக்கம் நீட்டினேன். அவர் பேனையை வாங்கவில்லை. “ஐயா, ரெண்டு நிமிஷம் தாங்கோ. இவரோட ஒண்டு கதைக்கோணும்” என்றார். பெண்ணின் தகப்பனார் முகம் வெளுத்துவிட்டது. இராகு காலம் தொடங்குவதற்கு இருபது நிமிடந்தான் இருக்கிறதென்று மாப்பிள்ளையின் சிறிய தகப்பனார் மணிக்கூட்டைக் காட்டினார். நான், சட்டத்தில் இராகு காலம் கிடையாது என்றேன்.

இருவரும் இறங்கிக் கிணற்றடிக்குப் போய்க் கமுகு நிழலில் நின்றார்கள். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. பெண் விரல் விட்டு எதையோ எண்ணிச் சொன்னார். பையன் ஒருமுறை தலையை ஆட்டினான். ஒருமுறை இல்லையென்று ஆட்டினான். பிறகு அவன் ஏதோ கேட்க, அவர் சிரித்தார். இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகியது. திரும்பி வந்து, இருவரும் கையொப்பமிட்டார்கள். சாட்சிகளின் கைதான் நடுங்கியது.

பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணைத் திருநெல்வேலிச் சந்தையில் கண்டேன். அவரே என்னை அடையாளம் கண்டு வந்து சுகம் விசாரித்தார். கணவரைப் பற்றிக் கேட்டேன். மரக்கறிக்கடைப் பக்கம் நிற்கிறார் என்று கையைக் காட்டினார். மழை பிந்தியதைப் பற்றியும் கத்தரிக்காய் விற்கும் விலையைப் பற்றியும் கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டு நின்றோம். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுநிலைப் பதிவாளர்,
வலிகாமம் கிழக்கு.